கையிலா, இடுப்பிலா?

நோய் பரவுவதைக் கணக்கிடும் மாடல் கட்டுவது எப்படி என்பதை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே அதைப் பற்றி இதில் ஒரு வரியும் இருக்காது. ‘புதிதாகச் சேர்ந்தவர்களிடம் ஒருநாள் வந்து பேசுங்கள்’ என்று கேட்டார்கள். எனக்குப் பேச்சில் ஒழுங்கு போதாது, எழுதித் தருகிறேன் என்றேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு திருப்பதியில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு நேரம் இருக்கிறது. தினமும் டைரி எழுதுகிற கையும் இருக்கிறது.

ஒரே ஓர் ஆண்டின் கதையைச் சொல்கிறேன். அந்த ஆண்டில் நாங்கள் ஜெயித்தோம். தோற்ற கதையில்தான் பாடம் இருக்கும் என்பார்கள். ஜெயித்த கதையிலும் இருக்கிறது. ஆனால் ஜெயித்தவர்கள் பெரும்பாலும் பாடத்தை விட்டுவிட்டு மாலையை மட்டும் காட்டுவார்கள்.

ஃப்ளூ காய்ச்சல் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் எப்படிப் பரவுகிறது, தடுப்பூசி போட்டால் எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடுவதே எங்கள் திட்டம். தலைமை ஆபீஸ் திருப்பதியில். கணக்குப் பிரிவு சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு விதைக்கடையின் மாடியில். கீழே மூட்டை பிரித்தால் மேலே எங்களுக்குத் தும்மல் வரும். இருமல் தும்மலை எண்ணுகிற ஆபீஸுக்கு வாய்த்த இடம். தேர்ந்தெடுத்த ஊர்களில் களப்பணியாளர்கள் வாரந்தோறும் நேரிலோ போனிலோ விசாரிப்பார்கள். யார் வீட்டில் காய்ச்சலும் இருமலும் என்று குறிப்பார்கள். தொண்டைச் சளி எடுத்து, ஃப்ளூதானா என்று பார்க்கப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதையெல்லாம் வைத்து, வரும் வாரங்களில் வரைபடத்தில் ஃப்ளூவின் கோடு ஏறுமா இறங்குமா என்று நான் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் ஃப்ளூ இரண்டு முறை தலைதூக்கும், மழையில் ஒருமுறை, பனியில் ஒருமுறை. எங்களிடம் இருந்த தடுப்பூசி எல்லோருக்கும் போதாது. பாதியை மழைக்கு முன்பே வெதுருகுப்பம், சித்தூர் பக்கத்து ஊர்களில் முகாம் வைத்துப் போட்டோம். ஏர்பேடு பக்கத்து ஊர்களில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒருவருக்கும் போடவில்லை. மீதிப் பாதி திருப்பதியில் குளிர்பெட்டியில் காத்திருந்தது. முதல் பாதி பலன் தந்தால் மீதி நகரியின் தறிக்காரர்களுக்குப் பனிக்கு முன்பே வரும். பலன் இல்லையென்றால் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். அதுதான் ஏற்பாடு.

நகரி என் ஊர். அங்கே ஒரு பவர்லூம் ஷெட்டின் வாரத் தகவலைச் செல்வி என்கிற பெண் சொல்வாள். தறிக்கு நூல் சுற்றுகிறவள். ஷெட்டை ஒட்டியே அவள் வீடு. நான் போன் செய்தால் தறிச் சத்தத்தில் அவள் கத்துவது எனக்குக் கேட்காது, நான் கத்துவது அவளுக்குக் கேட்காது. “இன்னாக்கா? இன்னா?” என்பதுதான் எங்கள் பேச்சில் பாதி.

முந்தின ஆண்டு தை மாதத்தில் ஒருநாள் போன் செய்தேன். அவள் பேசிய ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது. தறிச் சத்தமே இல்லை.

“தறி ஓடலியா செல்வி?”

“யாருக்கா ஓட்றது? அல்லாரும் படுத்துக்கினு கீறாங்க. எதுத்த வூட்ல மாசமா இருந்துச்சே, அந்தப் பொண்ண திருப்பதிக்கு எடுத்துக்கினு போயிருக்காங்க. மூச்சு வுட முடியலியாம்.”

அந்தப் பெண் பிழைத்தாள். வயிற்றில் இருந்த குழந்தை பிழைக்கவில்லை.

நான் சொல்கிற ஆண்டில் செல்வியே மாசமாக இருந்தாள். அடுத்த தையில் பிரசவம். எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த வயிறு அது. ஒவ்வொரு வாரமும் தகவல் சொல்லி முடித்ததும் ஒரே கேள்விதான்: “எங்க ஊருக்கு எப்பக்கா மருந்து?”

மழைக்கால ஏற்றம் நாங்கள் சொன்ன வாரத்தில் வந்தது, சொன்ன உயரத்தில் நின்றது. மாம்பழக் கூழ் ஆலைகளுக்கு ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போகும் பெண்களைக் கணக்கில் சேர்த்ததுதான் காரணம். மற்றவர்கள் பள்ளிக்கூடங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் டைரக்டர் போன் செய்து, “சூப்பரண்டி மேடம்!” என்றார். அவர் நெல்லூர்க்காரர், டாக்டர். சித்தூரில் பல காலம் இருந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். கோபமோ சந்தோஷமோ வந்தால் மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவார்.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் நீடிக்கவில்லை. முகாமில் பெயர் எழுதி வைக்காததால், மழை ஓய்ந்ததும் யார் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள் என்று வீடுவீடாகக் கேட்டு அதன் பலனைக் கணக்குப் பார்த்தபோது கோடு தலைகீழாக நின்றது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் ஃப்ளூ அதிகம்.

டைரக்டர் போனில் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“ஏமண்டி மேடம் இது? மருந்து வேலை செய்யலன்னா செய்யலன்னு சொல்லலாம். மருந்தே ஜுரம் குடுக்குதுன்னு வருதே! மீட்டிங்ல நேனு ஏம் செப்பாலி? நான் என்ன சொல்றது?”

“எங்கேயோ தப்பு இருக்கு சார்.”

“எக்கட?”

“தெரியல சார்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள தெரியணும். அன்னைக்குத்தான் மீதி மருந்து எங்க போவுதுன்னு முடிவு பண்றாங்க.”

எங்கள் களப்பணியாளர்களின் மேற்பார்வையாளர் ரேவதி எதிரே உட்கார்ந்திருந்தாள். வெதுருகுப்பம் பக்கத்துப் பெண். முகாமுக்கு ஊரையே கூட்டி வந்தவள். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்தாள்.

“மொத ஆளா எங்க மாமியாருக்குத்தான் மேடம் போட்டேன். இது மட்டும் அதுக்குத் தெரிஞ்சுது, மருமவ கொல்லப் பாத்தான்னு சொல்லி பஞ்சாயத்தக் கூட்டிடும்.”

இந்த இடத்தில் உங்களுக்கு இரண்டு யோசனைகள் வரும். எங்கள் மாடியிலும் வந்தன. பக்கத்து மேசைக்காரர் சொன்னார்: “கோட்டக் கெடுக்கற அந்த நாலஞ்சு ஊரத் தூக்கிட்டீங்கன்னா கோடு நேராயிடும் மேடம்.” நேராகும்தான். எந்தக் கோட்டையும் நாலு ஊரைத் தூக்கி நேராக்கலாம். இன்னொருவர் சொன்னார்: “வந்தது வந்துச்சு. அப்படியே குடுத்துடலாம். நம்ம மேல தப்பில்லயே.” கேட்பதற்கு இது நேர்மை போலவே இருக்கும். பிடிக்காத விடையைத் திருத்துவது பொய். பிடிக்காத விடையை ஆராயாமல் அப்படியே கொடுத்துவிட்டுக் கையைக் கழுவுவது சோம்பேறித்தனம். இரண்டையும் செய்யாதீர்கள். நான் இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு, என் வழக்கப்படி, எல்லா வீடுகளையும் ஒவ்வொரு வகையாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். வயது, ஆண் பெண், ஊர், தொழில், வீட்டில் எத்தனை பேர். எதிலும் ஒன்றும் புரியவில்லை. கடைசியில், யாரும் பயன்படுத்தாத ஒரு தகவல் மிச்சமிருந்தது. வீட்டில் பேசுகிற மொழி.

பிரித்தேன். தெலுங்கு பேசும் வீடுகளில் தடுப்பூசி காப்பாற்றியிருந்தது. தமிழ் பேசும் வீடுகளில் தடுப்பூசி கெடுத்திருந்தது.

ரேவதி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “மருந்துக்குத் தமிழ் வராதாட்டம் கீது மேடம்.”

சிரித்துவிட்டேன். பாதிச் சிரிப்பில் நிறுத்தினேன். மருந்துக்கு மொழி கிடையாது. ஆனால் கேள்விக்கு உண்டு.

அதே நாளில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஏர்பேடு பக்கத்து ஊர்களில் முகாமே நடக்கவில்லை. அங்கேயும் தமிழ் வீடுகளில் பலர் ‘போட்டுக்கொண்டேன்’ என்று சொல்லியிருந்தார்கள். அங்கே மருந்தே போகவில்லை என்பதால், இதெல்லாம் பதிவுப் பிழை என்று எங்கள் மென்பொருள் ஒதுக்கி வைத்திருந்தது. ஓர் ஊரில் ஒருவர் தவறாகச் சொன்னால் பிழை. இத்தனை பேர் ஒன்றுபோல ‘ஆமாம்’ என்றால் அவர்கள் எதையோ சொல்கிறார்கள். அது என்ன என்று மாடியில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. மறுநாள் காலை ரேவதியும் நானும் திருப்பதி பஸ் ஏறி, ரேணிகுண்டா வழியாக ஏர்பேட்டுக்குப் போனோம்.

வேர்க்கடலை பிடுங்கும் சமயம். ஊருக்கு வெளியே ஒரு கொல்லையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து செடியிலிருந்து கடலையை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தமிழ்க் குடும்பங்கள். போகும் வழியிலேயே ரேவதியிடம் சொல்லியிருந்தேன். “உங்க பொண்ணுங்க எப்படிக் கேப்பாங்களோ அப்படியே கேளு. நான் வாயத் திறக்க மாட்டேன்.”

கேள்வித்தாள் தெலுங்கில் இருந்தது. ‘ஃப்ளூ டீக்கா வேயிஞ்சுகுன்னாரா?’ என்பது கேள்வி. டீக்கா என்றால் தெலுங்கில் தடுப்பூசி. ரேவதி அதைப் பார்த்து, வாயாலேயே தமிழாக்கி, வட்டத்தில் முதலில் இருந்த குப்பம்மாவிடம் கேட்டாள்.

“யக்கா, இந்த மழைக்கு ஊசி போட்டுக்கினியா?”

“போட்டுக்காம? ஜொரம் வந்து சுருண்டுக்கினு கெடந்தேன். ஊசி போட்டுக்கினப்பறம்தான் எந்திரிச்சி குந்துனேன்.”

ரேவதியின் விரல் ‘ஆம்’ என்ற கட்டத்துக்குப் போனது. நான் அவள் கையைப் பிடித்தேன். வாயைத் திறக்க மாட்டேன் என்ற வாக்குறுதியை அங்கேயே விட்டுவிட்டேன்.

“எங்கம்மா போட்டாங்க?”

எந்த ஊரில், எந்த டாக்டரிடம் என்று கேட்பதாக நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். வட்டத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்தவள் அவள் முதுகில் அடித்தாள். வட்டம் முழுக்கச் சிரிப்பு பரவிவிட்டது.

“இன்னாடி கேக்குது இந்தம்மா!”

“காட்டணுமா? ஆம்பளைங்க யாரும் இல்ல, காட்டுடி குப்பம்மா!”

குப்பம்மா மட்டும் சிரிக்கவில்லை. எனக்குப் புரியவைக்கும் பொறுப்பு தன்னுடையது என்பதுபோலச் சொன்னாள். “வேற எங்கம்மா போடுவாங்க? குந்துற எடத்துலதான். ரெண்டு நாளு குந்த முடியல.”

“கையில போடலியா?”

“கையில போட்டா ஜொரம் எறங்குமா? கையில போட்றது கொயந்தைங்களுக்கு.”

வெயிலில் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கியது. உங்களுக்கும் விளங்கியிருக்கும். இருந்தாலும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நம் தமிழ் வீடுகளில் காய்ச்சல் என்றால் ஊர் டாக்டரிடம் போய் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வார்கள். மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புகிற டாக்டர் டாக்டரே இல்லை. முகாமில் கையில் போட்டதும் ஊசி, காய்ச்சலுக்கு இடுப்பில் போட்டதும் ஊசி. ஒரே சொல். தெலுங்கு வீட்டில் ‘டீக்கா’ என்று கேட்டதால் பெரும்பாலும் சரியான விடை வந்தது. தமிழ் வீட்டில் ‘ஊசி போட்டுக்கினியா’ என்று கேட்டபோது, காய்ச்சல் வந்தவர்கள் எல்லோரும் உண்மையாகவே ‘ஆமாம்’ என்றார்கள். நாங்கள் தடுப்பூசியை அளக்கவில்லை. காய்ச்சலையே இரண்டு பெயரில் இரண்டு முறை அளந்துவிட்டு, ஒன்று இன்னொன்றை உண்டாக்குகிறது என்று பயந்துகொண்டிருந்தோம்.

ரேவதியின் முகம் சுண்டிப்போனது. “எங்க வாய்லதான் கெட்டுப்போச்சா மேடம்?”

“‘தடுப்பூசி’ன்னு கேட்டிருந்தா?”

“மொத நாளு அப்படித்தான் கேட்டோம். ‘எதத் தடுக்கறது?’ன்னு மூஞ்சியப் பாத்தாங்க. அப்பறம்தான் புரியறாப்பல ஊசின்னு...”

புரியும்படி கேட்டதுதான் அவர்கள் செய்தது. அதில் தவறு சொல்ல நான் யார்?

நாங்கள் கிளம்பும்போது குப்பம்மா கூப்பிட்டாள். “ஏம்மா, கையில போட்ற அந்த ஊசி ஜொரமே வராம பண்ணுமா?”

“பண்ணும்னு நெனைக்கிறோம்.”

“அத ஏன் எங்களுக்குப் போடல?”

ஒப்பிட்டுப் பார்க்க என்று அவளிடம் எப்படிச் சொல்வது? “அது வேல செய்யுதுன்னு முதல்ல காட்டணும்மா. காட்டிட்டா உங்களுக்கும் கேட்டு வாங்கலாம்.”

“எங்கள எங்கன்னு காட்டச் சொன்ன இல்ல? மொதல்ல நீ அதக் காட்டு!”

மறுபடியும் வட்டம் குலுங்கியது. அந்தச் சிரிப்போடு எங்களை வழியனுப்பினார்கள். மடியில் ஒரு பிடி பச்சைக் கடலையும் போட்டார்கள்.

ஏர்பேடு பஸ் நிறுத்தத்திலிருந்தே டைரக்டருக்குப் போன் செய்தேன். கேட்டு முடித்ததும் அவருக்கு வந்த நிம்மதியைப் போனிலேயே உணர முடிந்தது.

“அப்போ சுலபம் மேடம். தமிழ் வீடுகள விட்டுடுங்க. தெலுங்கு வீட்டு ரிசல்ட் மட்டும் வெச்சுக்கலாம். பாக உந்தி காதா, நல்லாத்தானே இருக்கு!”

நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். கடலைக் கொல்லையில் நடந்ததை நீங்கள் எப்படியும் மறக்க மாட்டீர்கள். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. தமிழ் வீட்டு விடை கெட்டது என்று நிரூபணமாகிவிட்டது, தெலுங்கு வீட்டு விடை நமக்குச் சாதகமாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது. தலையாட்டியிருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும். ஒருவேளை மருந்தும் நகரிக்கு வந்திருக்கும். மறுத்தால் எல்லா வீடுகளையும் மறுபடி கேட்டு முடிக்க வேண்டும். முடியாமல்போனால் கையில் ஒன்றுமே இல்லாமல் மீட்டிங்குக்குப் போக வேண்டும். செல்வியின் வயிறு என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அதனால்தான் தலையாட்டத் தோன்றியது. அதனால்தான் தலையாட்டவும் கூடாது.

“சார், தெலுங்கு வீட்ல மட்டும் எல்லாரும் சரியாச் சொன்னாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்? அங்கயும் ஊர் டாக்டர் இருக்காரு. ரெண்டு பக்கமும் திரும்பக் கேக்கணும்.”

“நல்லா வந்தத எதுக்கு மேடம் கெடுக்கறீங்க?”

“நல்லா வந்ததால சார். பிடிக்காத விடைய எந்தக் கேள்வியால ஒடச்சமோ, பிடிச்ச விடையையும் அதே கேள்வியாலதான் தட்டிப் பாக்கணும்.”

முழுத் தெலுங்கில், “சேயண்டி. கானி சுக்ரவாரம் சுக்ரவாரமே,” என்றார். செய்யுங்கள், ஆனால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான்.

திரும்பும் பஸ்ஸிலேயே புதிய கேள்வியை எழுதினோம். கையிலா, இடுப்பிலா? முகாமிலா, டாக்டர் கடையிலா? காய்ச்சலுக்கு முன்னாலா, பின்னாலா? கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் போடுகிற வேறோர் ஊசியும் கையில்தான் போடுவார்கள் என்பதால் இரண்டாவது கேள்வி அவசியமாயிற்று. கேட்கிறவருக்கு அந்த வீட்டில் காய்ச்சல் வந்ததா இல்லையா என்பது தெரியக் கூடாது என்று ஆட்களையும் மாற்றிப் போட்டேன். தெரிந்தால் நம்மை அறியாமலே குரல் சாயும்.

அதன்பிறகு மாடியில் ஒரே இரைச்சல். ஒரு மேசையில் “கையிலயா, இடுப்புலயாக்கா?” அடுத்த மேசையில் “சேதிகா, நடுமுகா?” போனின் மறுபக்கத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். ஒரு பெரியவர், “பொம்பளையா நீ? எங்க நைனாகிட்ட கூட நான் இதச் சொன்னதில்ல,” என்று போனை வைத்துவிட்டார். ரேவதி மறுபடி கூப்பிட்டு, “மாமா, நான் நர்ஸு மாதிரின்னு நெனச்சிக்க,” என்று கெஞ்சி வாங்கினாள். விதைக்கடைக்காரர் மாடியேறி வந்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இன்னாம்மா வியாபாரம் பண்றீங்க நீங்க?” என்றார்.

வியாழக்கிழமை மாலை கடைசி ஊரும் முடிந்தது. ரேவதியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கணக்கை ஓட்டினேன். தமிழ் வீட்டுக் கோடு மேலிருந்து சரசரவென்று இறங்கியது. தெலுங்கு வீட்டுப் பலன் முன்பு காட்டியதைவிடக் கொஞ்சம் குறைந்தது. அங்கேயும் சிலர் வேறு ஊசியைச் சொல்லியிருந்தார்கள். இரண்டு கோடுகளும் திரையில் ஒன்றையொன்று நோக்கி வந்து ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டன. தடுப்பூசி காப்பாற்றியிருந்தது, இரண்டு மொழியிலும் ஒரே அளவுக்கு.

“மருந்து தமிழ் கத்துக்கிச்சு மேடம்,” என்றாள் ரேவதி. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல இருந்தேன். என் கண்ணை அவளும் பார்க்கவில்லை.

திருப்பதி மீட்டிங்கில் நீண்ட மேசையின் கடைசியில் ஒரு மூத்த நிபுணர் இருந்தார். யாரையும் எளிதில் விடுகிறவர் இல்லை என்று டைரக்டர் முன்பே எச்சரித்திருந்தார். முதல் கேள்வியே அவருடையதுதான்.

“போன வாரம் அனுப்பிய முதல் கணக்கில் நேர் எதிரான முடிவு. இந்த வாரம் இது. எதை நம்புவது?”

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் கடலைக் கொல்லையைச் சொன்னேன். குப்பம்மாவின் பதிலுக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கினேன். டைரக்டரே குறுக்கிட்டு, துளியும் கூச்சமில்லாமல், அதைத் தெலுங்கில் மொழிபெயர்த்துவிட்டார். மேசை முழுக்கச் சிரித்தது. நிபுணர் சிரிக்கவில்லை. இரண்டு வாரத்துக் கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லி உற்றுப் பார்த்தார்.

“தெலுங்கு வீடுகளின் விடை போன வாரமே உங்களுக்குச் சாதகமாக இருந்திருக்கிறது. இப்போது குறைந்திருக்கிறது. அதை மட்டும் காட்டியிருந்தால் பலன் இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்குமே. ஏன் திரும்பக் கேட்டீர்கள்?”

“கேள்வி தப்புன்னு தெரிஞ்சப்பறம், சார், நமக்குப் பிடிச்ச விடையும் அந்தத் தப்புக் கேள்விக்கு வந்த விடைதானே.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “எனக்கு வேறு கேள்வி இல்லை.”

எங்களை ஜெயிக்கவைத்தது தமிழ் வீட்டின் இறங்கிய கோடு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் அந்த அறையில் இருந்தேன். ஜெயிக்கவைத்தது தெலுங்கு வீட்டின் பலன் குறைந்த கோடு. நமக்கே பாதகமாக நாமே குறைத்துக்கொண்ட அந்தக் கொஞ்சம்தான் மற்றதை நம்பவைத்தது.

மீதி மருந்து நகரிக்கு என்று முடிவானது. எழுந்திருப்பதற்கு முன் நான் இன்னொன்றும் கேட்டேன். ஒப்பீடு முடிந்துவிட்டதால் அதில் ஒரு பங்கு ஏர்பேட்டு ஊர்களுக்கு வேண்டும் என்றேன். கொடுத்தார்கள். காட்டு என்றாள் குப்பம்மா. காட்டிவிட்டேன்.

நகரியில் முகாம் தறி ஷெட்டுகளுக்குள்ளேயே நடந்தது. தறிக்காரர்களை வெளியே வரச் சொன்னால் வரமாட்டார்கள். நிறுத்தின தறி நிறுத்தினதுதான். ஆகவே ஒவ்வொரு தறியாக நிறுத்தி, போட்டு, மறுபடி ஓடவிட்டோம். செல்வி முதல் ஆளாக வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கொல்லைக் கதை எப்படியோ எங்களுக்கு முன்பே நகரிக்கு வந்து சேர்ந்திருந்தது.

“கையிலதானக்கா? அந்த எடத்துல இல்லியே?”

“கையிலதான்டி.”

“அப்ப பாத்துக்கினே போடுங்க. கேட்டா சரியாச் சொல்லணுமில்ல?”

மார்கழிப் பனி விழுந்தது. தடுப்பூசி இல்லாவிட்டால் கோடு எங்கே போகும் என்று மாடல் புள்ளிக்கோடாகப் போட்டிருந்தது. முகாம் நடக்காத பக்கத்து ஊர்கள் ஏறக்குறைய அந்தப் புள்ளிக்கோட்டின் மேலேயே ஏறின. நகரித் தறி ஷெட்டுகளின் கோடு கீழேயே படுத்திருந்தது. வாராவாரம் அது எழுந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. டைரக்டர் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுத் திருப்பதி ஆபீஸில் மாட்டினார். அது இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற அறையில்தான் இருக்கிறது. யார் எதைக் கேட்டு வாங்கிய கோடு அது என்று படத்தில் போட்டிருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தை பிறந்து, முந்தின ஆண்டு தறிச் சத்தம் கேட்காமல்போன அதே வாரத்தில், செல்விக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும் காதில் ஒரு பேரிரைச்சல். அத்தனை தறியும் ஓடிக்கொண்டிருந்தது.

“செல்வி! நல்லா இருக்கியா?”

“இன்னாக்கா?”

“நல்லா இருக்கியான்னு கேட்டேன்!”

“இன்னா? இன்னா?”

தறிச் சத்தத்துக்கும் மேலாக, அதற்குச் சளைக்காத தொண்டையில், ஒரு பச்சைக் குழந்தை கத்த ஆரம்பித்தது. செல்வி அதனிடம் ஏதோ சொன்னாள், என்னிடம் ஏதோ சொன்னாள், சிரித்தாள் போலவும் இருந்தது. நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். வைக்க மனம் வரவில்லை.

அன்றைய டைரியில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘நகரி. செல்வியுடன் போன். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.’